டிசம்பர் வரை காத்திருக்க வேண்டாம்: சேலம் ஏரிகளில் புரட்டாசி, ஐப்பசிப் பறவைகளைப் படமெடுக்க

கேள்வி இது: "வேலை மாற்றலாகி சேலம் வந்திருக்கிறேன். கையில் 70-300 லென்ஸ் இருக்கிறது. கன்னங்குறிச்சி மூக்கனேரிக்குப் போனால் கொக்கும் நீர்க்காகமும்தான் தெரிகின்றன. வலசைப் பறவைகள் டிசம்பரில்தான் வரும், அதுவரை ஏற்காட்டுக்குப் போய் மலையைப் படமெடு என்கிறார்கள். செப்டம்பர், அக்டோபரில் இங்கே எடுக்க ஏதாவது உண்டா? எங்கே போவது, எப்படி எடுப்பது?"

நிறையவே உண்டு. வருஷத்தில் எனக்கு மிகவும் பிடித்த இரண்டு மாதங்கள் இவைதான், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் அந்த டிசம்பர் கணக்கு. டிசம்பர், ஜனவரியில் எண்ணிக்கை அதிகமாக இருக்கும் என்பது சரி. நீர்ப்பறவைக் கணக்கெடுப்பை ஜனவரியில் வைப்பதற்கும் அதுதான் காரணம். ஆனால் வருகை அப்போது தொடங்குவதில்லை. ஆகஸ்ட் கடைசியிலேயே ஏரிக்கரைக் கல்லில் உள்ளான் (நீரோரச் சேற்றில் மேயும் சின்னக் கரைப்பறவை) ஒன்று பின்பக்கத்தை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு நிற்கும். அதே சமயத்தில் ஏற்காட்டு ஓடைகளில் கரும்சாம்பல் வாலாட்டி வந்திறங்கிவிடும். செப்டம்பரில் மின்கம்பிகளில் தகைவிலான்கள் வரிசை கட்டும், முள்மரத்து உச்சியில் பழுப்புக் கீச்சான் உட்கார்ந்து கரகரக்கும், சேற்று ஓரங்களில் பொறி உள்ளானும் கருங்கொசு உள்ளானும் மேயும். வாத்துகள்தான் தாமதம். ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, தட்டைவாயன் எல்லாம் ஐப்பசி பிறந்து மழை பிடித்த பிறகே கூட்டமாகத் தெரியும். வாத்துக் கூட்டம் பாலத்தில் போகிறவர் கண்ணுக்கும் படும். சேற்று நிறத்தில் ஒரு சாண் உயரம்கூட இல்லாத உள்ளான் படாது. அதனால்தான் டிசம்பர் என்கிறார்கள்.

இனி முக்கியமான விஷயம். பறவையைத் தேடிப் போகாதீர்கள், தண்ணீர் மட்டத்தைப் பார்த்துப் போங்கள். நான் சொல்லும் மற்ற எல்லாவற்றையும் மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

ஒவ்வொரு பறவைக்கும் அதன் கால் நீளத்துக்கு ஏற்ற ஆழம் ஒன்று இருக்கிறது. கொசு உள்ளானுக்கு ஈரச் சேறு போதும், மிஞ்சினால் ஒரு விரல்கடைத் தண்ணீர். பொறி உள்ளான் இன்னும் கொஞ்சம் உள்ளே இறங்கும். நெடுங்கால் உள்ளான் நம் கணுக்கால் அளவுத் தண்ணீரில் நின்று மேயும். சங்குவளை நாரைக்கு அதைவிட ஆழம் வேண்டும், அப்போதுதான் திறந்த அலகைத் தண்ணீருக்குள் விட்டுத் துழாவி மீன் பிடிக்க முடியும். நாமக்கோழிக்கும் முக்குளிப்பானுக்கும் நீந்துகிற ஆழம். ஆக, ஏரியில் தண்ணீர் வடிந்து கரைக்கும் நீருக்கும் நடுவே சேற்றுப் பட்டை ஒன்று தெரிகிறதென்றால், அங்கேதான் செப்டம்பரின் விருந்தாளிகள் இருப்பார்கள். அந்தப் பட்டை மூழ்கிவிட்டால் அவை அங்கே இருக்காது, எவ்வளவு நேரம் காத்திருந்தாலும்.

சேலத்தில் இது ஒரே இரவில் மாறும். நமக்கு செப்டம்பரும் அக்டோபரும்தான் அதிக மழை பெய்யும் மாதங்கள். பகலெல்லாம் வெயில் காய்ந்து, சாயங்காலம் சேர்வராயன் மலைமேல் கருத்து, இடியோடு கொட்டும். மலையில் பெய்த மழை ஓடைகளில் இறங்கி அடிவார ஏரிகளுக்குள் வந்து சேரும். போன ஞாயிறு உள்ளான் மேய்ந்த சேறு இந்த ஞாயிறு முழங்கால் ஆழத்தில் கிடக்கும். அதனால் ஒரே ஏரியைக் கட்டிக்கொண்டு அழாமல், மூன்று நான்கு இடங்களைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். முந்தின நாள் சாயங்காலம் அந்தப் பக்கம் போக நேர்ந்தால் வண்டியை நிறுத்தி மதகுப் பக்கம் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது, எந்த மூலையில் சேறு தெரிகிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள். கேமரா இல்லாமல் பார்த்துவிட்டு வரும் அந்தப் பத்து நிமிஷம்தான் மறுநாள் காலையைத் தீர்மானிக்கிறது.

மூக்கனேரி உங்களுக்குப் பக்கம் என்பதால் அதிலிருந்தே தொடங்கலாம். 2010 வாக்கில் ஊர் மக்கள் முன்னின்று அந்த ஏரியை மீட்டபோது, தோண்டிய வண்டலை ஏரிக்குள்ளேயே திட்டுகளாகக் குவித்து மரம் வைத்தார்கள். இன்று கொக்கும் நீர்க்காகமும் அரிவாள் மூக்கனும் அந்தத் திட்டுகளில்தான் அடைகின்றன. நகரத்துக்குள் இப்படி ஓர் இடம் கிடைத்தது எவ்வளவு பெரிய கொடை என்பது அங்கே ஒரு சாயங்காலம் நின்றால் விளங்கும். ஆனால் 300 மி.மீ. லென்ஸுக்குத் திட்டு தூரம்தான். அங்கே உட்கார்ந்திருக்கும் பறவையை எடுத்துப் பிறகு வெட்டிப் பெரிதாக்கினால் இறகு தெரியாது, புள்ளி புள்ளியாகத்தான் வரும். அதற்குப் பதில் மாலை ஐந்தரைக்கு மேல் பறவைகள் அடைய வரும் வழியைப் பாருங்கள். நீர்க்காகங்கள் கூட்டமாக, ஏறக்குறைய ஒரே பாதையில் வரும். அந்தப் பாதை கரைக்கு மேலாகப் போகிற இடத்தில் நின்றால், பறவை உங்களைத் தேடி வரும்.

பனமரத்துப்பட்டி ஏரி வேறு மாதிரி. சேலத்தின் குடிநீருக்காக 1911-இல் ஜருகுமலை அடிவாரத்தில் கட்டியது, இரண்டாயிரம் ஏக்கருக்கு மேல். பல ஆண்டுகள் வறண்டு சீமைக் கருவேலம் மண்டிக் கிடந்த ஏரி அது. தண்ணீர் இருக்கும் வருஷத்தில் கரையோரப் பள்ளங்களைப் பாருங்கள். இல்லாத வருஷத்தில் கீச்சான், பஞ்சுருட்டான், வானம்பாடி போன்ற கரட்டுநிலப் பறவைகளுக்காகப் போகலாம். மேட்டூர் இன்னொரு கணக்கு. 1934-இல் முடிந்த அந்த அணைக்குத் தண்ணீர் நம் மழையால் வருவதில்லை, கர்நாடகத்தில் தென்மேற்குப் பருவமழை பெய்தால் ஜூலை, ஆகஸ்டிலேயே நிறையும். சேலம் ஏரிகள் காய்ந்து கிடக்கும்போது அது நிறைந்திருக்கும். இங்கே நிறையும் சமயம் அங்கே பாசனத்துக்குத் திறந்து மட்டம் இறங்கிக்கொண்டிருக்கலாம். அப்படி இறங்கினால் பண்ணவாடிப் பக்கம் கரை அகலமாக வெளிப்படும், ஆலாக்களையும் நாரைகளையும் அங்கே பாருங்கள். இவை தவிர, நடவுக்கு உழுது தண்ணீர் கட்டிய வயல் எதையும் சும்மா கடந்து போகாதீர்கள். மஞ்சள் வாலாட்டியும் பொறி உள்ளானும் ஏரியைவிட அங்கே நெருக்கமாகக் கிடைக்கும். வயல்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வரப்பில் உட்காருங்கள், பெரும்பாலும் டீயே கிடைக்கும்.

வெளிச்சத்துக்கு வருவோம். சேலம் ஏறக்குறைய 11.6 பாகை வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் மூன்றாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். அதன் பிறகு தெற்கே சாயத் தொடங்கும். சேர்வராயன் மலையின் தென் அடிவார ஏரிகளில் தண்ணீர் வடக்கேயிருந்து வரும், கரை பெரும்பாலும் தெற்குப் பக்கம் அமைந்திருக்கும். ஜூன் மாதம் அந்தக் கரையில் நின்று மலையைப் பார்த்து எடுத்தால் மலை நீலச் சுவராக மங்கித் தெரியும், பறவையின் நம் பக்கம் இருண்டு போகும். புரட்டாசியில் அதே கரை, அதே நேரம், ஆனால் வெயில் உங்கள் வலது தோளுக்குப் பின்னாலிருந்து வருகிறது. செப்டம்பர் 23 வாக்கில் சூரியன் நேர்கிழக்கில் உதிக்கும், நாளாக ஆகத் தென்கிழக்கே நகரும், வெளிச்சம் இன்னும் உங்கள் முதுகுப்பக்கம் வரும். முந்தின நாள் மழை தூசியைக் கழுவியிருந்தால் மலையின் மடிப்புகள், காபித் தோட்டத்து மரங்கள் வரை துல்லியமாகத் தெரியும். பறவைக்குப் பின்னால் இப்படி ஒரு மலை கிடைப்பது நம் ஊர் ஏரிகளுக்கு வாய்த்த வரம். வெறும் வானத்தைப் பின்னணியாக வைத்து எடுத்து அதை வீணாக்காதீர்கள்.

காலை ஆறு மணி சுமாருக்கு வெளிச்சம் வரும்போது நீங்கள் உட்கார்ந்திருக்க வேண்டும். எட்டரை, ஒன்பதுக்கு மேல் வெயில் ஏறினால் சேற்றுக்கு மேல் காற்று நெளியத் தொடங்கும். கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது, படத்தில் மட்டும் எல்லாம் மழுங்கி வரும். லென்ஸில் கோளாறு என்று நினைத்து அதைச் சர்வீசுக்குக் கொடுத்தவர்கள் உண்டு. எந்த விலை லென்ஸாலும் அதைச் சரி செய்ய முடியாது. பக்கத்தில் இருக்கும் பறவையை மட்டும் எடுங்கள், அல்லது மூட்டையைக் கட்டுங்கள்.

இந்தப் பருவத்துக்கே உரிய ஒன்றைச் சொல்ல வேண்டும். டிசம்பரில் பறவைகள் இறகு உடையை மாற்றி முடித்திருக்கும். இப்போது மாற்றிக்கொண்டிருக்கின்றன. உள்ளான் கூட்டத்தில் பொதுவாக வளர்ந்த பறவைகள் முதலில் வந்து சேரும், அந்த வருஷம் பிறந்த குஞ்சுகள் சில வாரங்கள் கழித்துத் தாமாக வழி கண்டு வரும். இரண்டையும் இறகை வைத்துப் பிரிக்கலாம். பொறி உள்ளானை நெருக்கத்தில் எடுத்துத் திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். வளர்ந்த பறவையின் முதுகில் பழைய இறகுகள் வெளிறி, ஓரம் தேய்ந்து, அங்கங்கே பிசிறடித்திருக்கும். குஞ்சு பொரித்து, பல ஆயிரம் கிலோமீட்டர் பறந்த இறகுகள் அவை. இளம் பறவையின் முதுகிலோ ஒவ்வோர் இறகும் முழுசாக, அடர்பழுப்பில், ஓரத்தில் வெளிர்ப் புள்ளிகள் வரிசை பிசகாமல் வைத்த மாதிரி இருக்கும். வடக்கே எங்கோ சதுப்புக் காட்டில் பிறந்து சில மாதங்களே ஆன அந்தப் பறவை, யாரும் வழிகாட்டாமல் பனமரத்துப்பட்டிச் சேற்றில் நிற்கிறது. அதைப் பார்த்தபின் "இப்போது ஏரியில் ஒன்றுமில்லை" என்று எப்படிச் சொல்ல மனசு வரும்?

நம் ஊர்ப் பறவைகளும் அப்படித்தான். மடையானின் முதுகில் கோடையில் இருந்த கருஞ்சிவப்பு உதிர்ந்து பழுப்பாகிக்கொண்டிருக்கும். தூக்கணாங்குருவிச் சேவலின் மஞ்சள் மங்கும். நீளவால் இலைக்கோழி அந்த நீண்ட வாலை இழந்துகொண்டிருக்கும். பாதி வாலோடு நிற்கும் படம் இந்த மாதங்களில்தான் கிடைக்கும். அல்லி இலைகள்மேல் அதன் குஞ்சுகளோடு ஒரு பறவை நடந்தால் அது அப்பன்தான். அந்த இனத்தில் அடைகாப்பதும் வளர்ப்பதும் ஆண். முக்குளிப்பான் முதுகில் கோடு போட்ட தலையோடு குஞ்சு எட்டிப் பார்ப்பதும் இப்போது சாத்தியம். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தால் தாய் தன் இறகையே பிடுங்கிக் குஞ்சுக்கு ஊட்டுவதைக்கூடப் பார்க்கலாம். அக்டோபரில் வரும் வாத்துகளில் ஆண்கள் இன்னும் பெட்டையின் நிறத்திலேயே இருக்கும். அவற்றைப் பெட்டைக் கூட்டம் என்று ஒதுக்கிவிட வேண்டாம், சிறகின் மேற்பக்க நிறத்தைப் பாருங்கள்.

எப்படி நெருங்குவது? நெருங்கவே வேண்டாம். சேற்றுப் பட்டை எங்கே என்று தெரிந்துவிட்டால் இருட்டோடு போய், மங்கின நிறத் துண்டோ சட்டையோ போட்டுக்கொண்டு, கரைச் சரிவில் தாழ உட்கார்ந்துவிடுங்கள். உள்ளான் ஓரத்தை ஒட்டி மேய்ந்துகொண்டே வரும், அசையாமல் இருந்தால் உங்களைத் தாண்டியே போகும். நின்றபடி மேலிருந்து எடுத்த படத்தில் பறவை சேற்றில் ஒட்டிய பொம்மையாகத் தெரியும். படுத்து, அதன் கண் மட்டத்துக்கு லென்ஸை இறக்கினால் முன்னும் பின்னும் மங்கி, பறவை மட்டும் எழுந்து நிற்கும். 300 மி.மீ. போதுமா என்று யோசிக்கிறவர்கள் முதலில் படுத்துப் பார்க்க வேண்டும். பறவை மேய்ச்சலை நிறுத்திக் கழுத்தை நீட்டிப் பார்த்தால், நீங்கள் அதிகம் அசைந்துவிட்டீர்கள் என்று பொருள். உடம்பைத் தாழ்த்தி எச்சமிட்டால் அடுத்த நொடி பறக்கப் போகிறது. ஆள்காட்டிக் குருவி கத்த ஆரம்பித்தால் ஏரி முழுக்கச் செய்தி போய்விட்டது, அது அடங்கும்வரை அப்படியே கிடங்கள். பறக்கும் படம் வேண்டும் என்று கல்லெறிவதும் கைதட்டுவதும் கொடுமை. அத்தனை தூரம் பறந்து எடை குறைந்து வந்த பறவைக்கு ஒவ்வொரு வாய் இரையும் கணக்கு.

கேமரா அமைப்பு பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஷட்டர் வேகம் மேயும் பறவைக்கு 1/500 நொடி, பறப்பதற்கு 1/2000, ஐஎஸ்ஓவை (வெளிச்ச உணர்திறனை) தானியங்கியில் விட்டுவிடுங்கள், ரா ஃபைலாக (கேமரா திருத்தாத மூலக் கோப்பாக) எடுங்கள். இரண்டு இடத்தில் மட்டும் கேமராவை நம்பக் கூடாது. கரும்பச்சைத் தண்ணீர் முன்னால் வெண்கொக்கு நின்றால் கேமரா எல்லாவற்றையும் வெளுப்பாக்கி இறகு விவரத்தை அழித்துவிடும், எக்ஸ்போஷரை (படத்தில் பதியும் வெளிச்ச அளவை) முக்கால் முதல் ஒரு ஸ்டாப் குறையுங்கள்; ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும். வானத்துக்கு எதிரே பறந்தால் ஒரு ஸ்டாப் கூட்டுங்கள். அவ்வளவுதான்.

பறவை கிடைக்காத காலையிலும் கேமராவை மூட வேண்டாம். செப்டம்பர், அக்டோபரில் ஏரிக்கு மேல் மஞ்சள் தட்டான்கள் கூட்டமாகச் சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் பெரும்பாலானவை இந்தியாவிலிருந்து கடல் கடந்து கிழக்கு ஆப்பிரிக்கா வரை போவதாக ஆய்வாளர்கள் கருதும் இனம். மழை விட்ட இளவெயிலில் ஏற்காட்டுச் சாலையோரம் நீல வரியன் வண்ணத்துப்பூச்சிகள் ஒரே திசையில் போய்க்கொண்டிருந்தால் வண்டியை ஓரங்கட்டுங்கள். இந்தப் பருவத்தில் அவை கிழக்குத் தொடர்ச்சி மலைகளிலிருந்து மேற்குத் தொடர்ச்சி மலை நோக்கிப் போகின்றன. மேலே ஓடைப் பாறையில் வாலாட்டிக்கு 1/15 நொடியில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள், பறவை அசையாத கணத்தில் தண்ணீர் மட்டும் ஓடும். ஒன்று கவனம்: ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம், அங்கிருந்து குளிர்ந்த கேமராவைச் சேலத்துப் புழுக்கத்தில் உடனே திறந்தால் கண்ணாடியில் வேர்க்கும். பையைத் திறக்காமல் அரை மணி நேரம் விடுங்கள். மழைக்காலம் முழுக்கக் கேமராவைக் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைக்காவிட்டால் லென்ஸில் பூஞ்சை வந்துவிடும்.

கூடு பற்றி ஒரு வார்த்தை, இதில் நான் கறாரானவன். தாமதமாகக் கட்டிய கூடுகள் இப்போதும் இருக்கும். கோரையை ஒதுக்கி, கிளையை வெட்டிக் கூட்டைத் திறந்து எடுத்தால் காக்கையும் பருந்தும் பார்த்துக்கொண்டிருக்கும், நீங்கள் கிளம்பியதும் முட்டை இருக்காது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்பதற்கான வரையறைக்குள்ளேயே காட்டுப் பறவையின் முட்டையையும் கூட்டையும் கலைப்பது அடங்குகிறது. செல்போனில் குரலை ஒலிக்கவிட்டு வரவழைப்பதும், ட்ரோனைத் திட்டுக்கு மேல் விடுவதும் வேண்டாம். கூட்டைப் படமெடுக்காத ஒருவர் எதையும் இழந்துவிடவில்லை.

கடைசியாக, எடுத்த படங்களை என்ன செய்வது. அழகானதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழிக்க வேண்டாம். இந்த வருஷம் முதல் தகைவிலான் எந்தத் தேதியில், எந்த ஏரியில் தெரிந்தது என்பது மங்கலான படத்தாலும் நிரூபிக்க முடிகிற செய்தி. தேதி, நேரம், இடத்தோடு ஈபேர்டில் (பறவை பார்ப்பவர்கள் தங்கள் பதிவுகளைச் சேர்க்கும் இணையதளம்) பட்டியலாக ஏற்றுங்கள். ஒவ்வொரு முறையும் கரையில் ஒரே இடத்தில் நின்று ஏரியை அகலமாக ஒரு படம் எடுத்து வையுங்கள். இரண்டு மூன்று வருஷத்தில் எந்த மட்டத்தில் எந்தப் பறவை வந்தது என்ற கணக்கு உங்களிடம் சேர்ந்துவிடும். ஏரியில் மண் கொட்டுகிறார்கள், கழிவுநீர் திருப்புகிறார்கள் என்று மனு கொடுக்கப் போகும் நாளில் அந்தப் படங்கள் பேசும்.

உள்ளான் இனத்தைக் கண்டுபிடிப்பதில்தான் தொடக்கத்தில் திணறுவீர்கள். நல்ல படம் ஒன்று எடுத்தபின் மூன்று விஷயம் தெரிகிற மாதிரி இன்னும் சில எடுத்து வையுங்கள்: கால் நிறம், கண்ணுக்கு மேலுள்ள வெள்ளைக் கோடு எவ்வளவு தூரம் போகிறது, பறக்கும்போது சிறகின் அடிப்பக்கம். கால் மஞ்சள் சாயலாக, கோடு கண்ணைத் தாண்டி நீண்டு, சிறகடி வெளிறியிருந்தால் பொறி உள்ளான். கால் மங்கின பச்சையாக, கோடு கண்ணோடு நின்று, சிறகடி கருமையாக, எழும்பும்போது வாலடி வெள்ளையாகப் பளிச்சென்று தெரிந்தால் கருங்கொசு உள்ளான். இந்த இரண்டும் பிடிபட்டுவிட்டால் மற்றவை தானாக வரும்.